பெஞ்சுக்கு அடியில் ஹீரோ

ஃபாதர் இன்னும் முடிக்கல. முடிக்கிற மாதிரி ஒரு தடவை குரலை இறக்குனாரு, சரி எந்திரிக்கலாம்னு நானும் சேலை மடிப்பையெல்லாம் சரி பண்ணிட்டேன், அதுக்குள்ள "ஆனால் அன்பானவர்களே"ன்னு மறுபடி ஏத்திட்டாரு. இன்னைக்கு பைபிள் வாசகம் அப்படி. பிறவியிலேயே கண் தெரியாதவனுக்குப் பார்வை கிடைக்கிற பகுதி. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை தவக்காலத்துல சுத்தி வந்துரும், வந்தா அன்னைக்குக் கோயில் மொத்தமும் என் பக்கம் திரும்பும். எனக்கு எப்படித் தெரியும்னா, இருமுறவங்க இருமல் கூட நேரா என் மேல வந்து விழும். அகக்கண் திறக்கணுமாம். எனக்கு நாற்பத்தி நாலு வயசு, பிறந்ததுலேருந்து கண்ணு தெரியாது, அகக்கண்ணு புறக்கண்ணு ரெண்டையும் பத்திக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. என் கண்ணு என்னைக்குமே எனக்குப் பிரச்சினை இல்ல சாமி, இல்லாததைப் பத்தி என்ன கவலை. எனக்கு வழி காட்டுற நாய்க்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு. அதுதான் பிரச்சினை. அதை நான் இந்த ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லல. நாளைக்குக் காலையில பெங்களூர்லேருந்து ஷைலஜா வர்றா. ஹீரோவைப் பழக்கி என் கையில குடுத்தவ. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, நாங்க ரெண்டு பேரும் நடக்குறதைப் பின்னாலேயே வந்து பார்ப்பா. இந்தத் தடவை பார்த்தா தெரிஞ்சிரும். அவன் உடம்புல மாட்டுற கைப்பிடி வச்ச பட்டையைக் கழட்டச் சொல்லிருவா. அதுக்கப்புறம் பழையபடி நான் எங்க போறதுன்னாலும் யாரோ ஒருத்தர் கை வேணும். இல்ல, நாளைக்கு ஒரு நாள் எப்படியாவது சமாளிச்சுட்டா இன்னும் ஒரு வருஷம் ஓட்டிரலாம். ஓட்டலாமா? நேத்து ராத்திரிலேருந்து மண்டைக்குள்ள இதே சுத்துதான், அதுக்கு மேல இந்தப் பிரசங்கம் வேற.

ஹீரோ பெஞ்சுக்கு அடியில என் பாதத்து மேல தாடையை வச்சுக்கிட்டுப் படுத்திருக்கான். எச்சில் ஈரமா வழியுது. கோயிலுக்குள்ள செருப்பு கிடையாது, அதனால அவனுக்கு இங்க வர்றதுன்னா கொண்டாட்டம், நக்குறதுக்கு வெறுங்காலா வரிசையா கிடைக்கும். முன்னாடி பெஞ்சுல ஒரு அம்மா போன வாரம் வீல்னு கத்தி, பாட்டே நின்னு போச்சு. ஹீரோங்கிற பேரு நான் வச்சதில்ல. அங்கேயே வச்சு அனுப்பிட்டாங்க, மாத்தக் கூடாதாம், குழம்பிருவானாம். கல்யாணம் ஆகாத பொம்பளை ஒருத்தி தினமும் காலையில தெருவுல "ஹீரோ, நில்லு. ஹீரோ, லெஃப்ட்ல போ"ன்னு சொல்லிக்கிட்டுப் போனா எப்படி இருக்கும்? டீக்கடையில உக்காந்திருக்கவன் ஒவ்வொருத்தனும் "சொல்லுங்கக்கா"ம்பான். ஆறு வருஷமா அதே ஜோக், அதே டீக்கடை. ஒரு தடவையாவது வேற ஒண்ணு யோசிக்கக் கூடாதா. எனக்கு ஆபீஸ்லயும் இதே கதைதான். கரண்ட் போனா போன் பண்ணி வாய்க்கு வந்தபடி திட்டுவாங்களே, அந்தத் திட்டை வாங்குற சீட்டு என்னுது. எட்டு மணி நேரம் ஊர்ல உள்ளவன் கோவத்தையெல்லாம் காதுல வாங்கிட்டு, என் கோவத்தை யார்கிட்ட காட்டுறதுன்னு தெரியாம ஹீரோகிட்ட வந்து புலம்புவேன். அவன் கேப்பான். வாலால தரையில ஒரு தட்டு தட்டுவான். அந்த ஒரு தட்டாலதான் இந்த ஆறு வருஷம் எனக்குப் பைத்தியம் பிடிக்காம இருந்திருக்கு, இதுல வெக்கப்படுறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா அவன் முடி இருக்கே, அடேயப்பா, சோத்துல, தலையணையில, ஜெபப் புத்தகத்துல, எங்க கை வச்சாலும் முடி. மழை பெஞ்சா வீடு முழுக்க ஈரச் சாக்கு வாடை. இவனைக் குளிப்பாட்டி முடிச்சா நான்தான் குளிச்சிருப்பேன், அவன் உதறி முடிச்சிருப்பான்.

கண்ணு விஷயம் எனக்குத் தெரிஞ்ச விதத்தை நெனச்சா என்னையே நாலு அறை அறையணும் போல இருக்கு. கிறிஸ்மஸ் கழிஞ்ச நேரம். ஆபீஸ் போற வழியில மெயின் ரோட்டைத் தாண்டணும். ரோட்டைத் தாண்டுறதுல எங்க ரெண்டு பேருக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. வண்டிச் சத்தம் கேட்டு எப்போ போகலாம்னு முடிவு பண்றது நான். "ஃபார்வர்ட்"னு சொல்லுவேன். அவன் பார்வைக்கு வண்டி ஏதாவது வருதுன்னா, நான் சொன்னாலும் போக மாட்டான், கல்லு மாதிரி நின்னுருவான். அப்படி நின்னா நான் நம்பணும். அதுதான் பழக்கம். அன்னைக்கு ரோட்டுல ஒரு சத்தமும் இல்ல. ஃபார்வர்ட்னேன். நின்னான். சரி, ஏதோ வருது. கொஞ்சம் பொறுத்து மறுபடி சொன்னேன். நின்னான். எனக்குக் காது கூர்மை, ஒரு சைக்கிள் வந்தாக் கூட செயின் சத்தம் தெரிஞ்சிரும், ஒண்ணுமே இல்ல. அப்போ நான் என்ன முடிவு பண்ணேன் தெரியுமா? எலக்ட்ரிக் ஸ்கூட்டர். அது வந்தா எனக்கு எமன்தான், சத்தமே இல்லாம பக்கத்துல வந்து காத்து மட்டும் அடிச்சுட்டுப் போகும். அதான் வருது, ஹீரோ பார்த்துட்டான், நல்ல வேளைன்னு அவன் தலையைத் தடவிக் குடுத்தேன். அன்னைக்கு மட்டுமில்ல. அதுக்கப்புறம் தினமும். தினமும் அந்த ஓரத்துல நின்னு, வராத ஸ்கூட்டரையெல்லாம் வாயாரத் திட்டினேன். ஊரெல்லாம் பேட்டரி வண்டி வாங்கிட்டானுங்க, பாழாப் போறவனுங்கன்னு ஆபீஸ்ல போய் ஒரு பாட்டம் அழுதேன், பக்கத்து சீட்டு காந்திமதி மேடம் "ஆமாப்பா, ஆபத்துதான்"னு கூட ஒத்து ஊதுனாங்க. கடைசியில ஒரு நாள், பூக்காரம்மா ஒருத்தங்க பின்னாலேருந்து கேட்டாங்க, "ஏன் கண்ணு, ரோடு காலியாத்தானே கிடக்கு, யாருக்காக நிக்கிறீங்க ரெண்டு பேரும்?" யாருக்காக நிக்கிறோம். அவனுக்குத் தெரியலைன்னு அவன் எனக்காக நிக்கிறான். எனக்குத் தெரியாதுன்னு நான் அவனுக்காக நிக்கிறேன். நடுவுல ரோடு பாட்டுக்கு சும்மா கிடக்கு. அந்த அம்மாவே என் முழங்கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் அந்தப் பக்கம் விட்டாங்க, ஹீரோ என் காலோட ஒட்டிக்கிட்டு வந்தான். அன்னைக்கு ஆபீஸ்ல உக்காந்து எவன் திட்டுனதும் எனக்குக் காதுல விழல.

எந்திரிக்கச் சொல்லிட்டாங்க. முடிச்சுட்டாரா? அப்பாடா. விசுவாச அறிக்கை. வாய் பாட்டுக்குச் சொல்லும், எனக்கு இது பிரச்சினை இல்ல. ஹீரோவும் எந்திரிச்சுட்டான், இந்தப் பிரார்த்தனைக்கு எந்திரிக்கணும்னு அவனா பழகிக்கிட்டது, யாரும் சொல்லிக் குடுக்கல. ரெண்டு பெஞ்சு பின்னால ஸ்டெல்லா அண்ணி குரல் கேக்குது, எல்லாருக்கும் அரை வார்த்தை முன்னாடி ஓடும். என் அண்ணன் பெண்டாட்டி. கெட்டவங்க இல்ல. அதுதான் கொடுமை. கெட்டவங்களா இருந்தா சண்டை போட்டுட்டு நிம்மதியா இருக்கலாம். அம்மா போனதுக்கப்புறம் நான் அண்ணன் வீட்டுலதான் இருந்தேன், எங்க போனாலும் அண்ணி கை. முழங்கைக்கு மேல சதையில நாலு விரலும் புதையுற மாதிரி ஒரு பிடி. "அமலி, படி. அமலி, தண்ணி சிந்தியிருக்கு. அமலி, குனி." ஜவுளிக் கடையில நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள "அவளுக்கு மஞ்சள் குடுங்க"ம்பாங்க. மஞ்சள்னா என்னன்னு எனக்குத் தெரியாது, ஆனா எனக்கு அது வேணாம்னு மட்டும் நல்லாத் தெரியும். கொரியர் பார்சலைக் கொண்டு போய்க் குடுக்குற மாதிரி என்னை ஆபீஸ்ல குடுத்துட்டு, சாயந்திரம் வந்து வாங்கிட்டுப் போவாங்க. தட்டித் தட்டி நடக்குற குச்சி எனக்குத் தெரியாம இல்ல, ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்தாங்க. ஒரு மழை நாள்ல குச்சி மூடியில்லாத சாக்கடைக்குள்ள இறங்கி, பின்னாலேயே நானும் இறங்கி, மணிக்கட்டு ஒடிஞ்சு கட்டுப் போட்டேன். அதோட குச்சிப் பேச்சு முடிஞ்சுது. இன்னைக்கும் அந்தச் சாக்கடைத் தண்ணி வாய்க்குள்ள போன ருசி நாக்குலேயே இருக்கு, பூசையில நன்மைன்னு நாக்குல அப்பம் வாங்குறப்ப கூட சில நேரம் ஞாபகம் வந்து தொலைக்கும்.

அப்புறம் ஹீரோ வந்தான். போன மாசம் காலேஜ்லேருந்து ஒரு பொண்ணு வந்தா, ஏதோ ஆராய்ச்சியாம், வழிகாட்டி நாய் வந்த பிறகு உங்க மனநலம் எப்படின்னு கேட்டா. ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள சொல்லணுமாம். தனிமை குறைஞ்சிருக்கா, ஒண்ணா ரெண்டா மூணா. தன்னம்பிக்கை கூடியிருக்கா, நாலா அஞ்சா. பாவம், நல்ல பொண்ணு, தண்ணி கூட வேணாம்னு சொல்லிட்டா. நான் என்ன சொல்லுவேன்? நான் அவகிட்ட ஒரு கதை சொன்னேன், அவளுக்கு எந்த நம்பர் போடுறதுன்னு தெரியல. ஹீரோ வந்த புதுசு. ஞாயித்துக்கிழமை, வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தாங்க, மீன் குழம்பு. அண்ணி எல்லார் முன்னாலயும் என் தட்டுல இருந்த மீனை எடுத்து, முள்ளு நீக்கி, பிசைஞ்சு, மறுபடி என் தட்டுல வச்சாங்க. வந்த அம்மா "உங்களுக்குப் புண்ணியம்"னாங்க. எனக்கு முப்பத்தெட்டு வயசு அப்போ. கையைக் கழுவிட்டு, ஹீரோவுக்குப் பட்டையை மாட்டி, கதவைப் படார்னு சாத்திட்டு வெளியே போனேன். அவ்வளவுதான் கதை. உங்களுக்கு இதுல என்ன இருக்குன்னு தோணும். வாழ்க்கையில அதுக்கு முன்னாடி ஒரு தடவை கூட நான் கோவிச்சுக்கிட்டு வெளியே போனதில்ல. எப்படிப் போறது? கோவிச்சுக்கிட்டுப் போறதுக்கும் யார் மேல கோவமோ அவங்களையே கூப்பிட்டு, கொஞ்சம் கையைப் பிடிங்கன்னு கேக்கணும். அன்னைக்குத் தெருமுனை வரைக்கும் விறுவிறுன்னு நடந்தேன், ஹீரோ கைப்பிடி என் இடது கையை முன்னால இழுக்குது, காத்து மூஞ்சியில அடிக்குது, எனக்குச் சிரிப்பு சிரிப்பா வருது. டீக்கடையில நின்னு வாழைக்காய் பஜ்ஜி வாங்கித் தின்னேன், ஒருத்தரும் ஊதிக் குடுக்கல, வாய் வெந்து போச்சு. அடுத்த மாசமே தனி வீடு பார்த்துட்டேன். இதுக்கு எத்தனை மார்க்கு? அஞ்சுக்கு மேல இருந்தா சொல்லும்மான்னேன், அவ சிரிச்சுட்டுப் போயிட்டா.

அவகிட்ட சொல்லாததும் ஒண்ணு இருக்கு. நாய் வந்ததும் பாதி பாரம் இறங்கும், சரி. அந்த நாய்க்கு ஒண்ணுன்னா ரெண்டு பேர் பாரமும் ஒரு தலையில ஏறும், அதைப் பத்தி அவ கேள்வியிலயே இல்ல. ஹீரோவை டாக்டர்கிட்ட கூட நான் கூட்டிட்டுப் போகல. போனா எழுதிக் குடுத்துருவாரு, எழுதிட்டா உண்மையாயிரும். பைக்குள்ள மடக்குக் குச்சி ஒண்ணை வாங்கிப் போட்டிருக்கேன், இன்னும் விரிச்சுப் பார்த்ததில்ல. இந்த மூணு மாசமா நடக்குறது ஹீரோ இல்ல, நான். வலது காலைத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பார்த்து, சுவத்துல பட்டுத் திரும்புற சத்தத்தைப் பிடிச்சு, கைப்பிடியில லேசா ஒரு தள்ளு தள்ளி அவனைத் திருப்பி, வெளியில பார்க்குறவங்களுக்கு அவன் போற மாதிரி. கதவுல அவன் மூஞ்சி இடிச்சா "சாரிங்க, விளையாடுறான்"னு சிரிக்கிறது. ஆபீஸ் படிக்கட்டு வந்தா "மெதுவா, படி, படி இருக்கு"ன்னு அவன் காதுல சொல்றேன். சொல்லிட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு, அச்சு அசலா அண்ணி குரல். சில நாள் அவன் மேலயே எரிஞ்சு விழுறேன். ஏன்டா, தெரியலைன்னா தெரியலைன்னு காட்ட வேண்டியதுதானே, ஒரு நாள் நடக்க மாட்டேன்னு படுத்திருக்கலாம்ல, ஏன்டா கம்முனு நின்னு என்னையும் முட்டாளாக்குனே? அவன் வாலால ஒரு தட்டு. உனக்கு அது ஒண்ணு தெரியும். முன்னெல்லாம் பட்டையைக் கையில எடுத்தாலே தலையை அவனா உள்ள விடுவான். இப்போ சோஃபாவுக்குப் பின்னால போய் நிக்கிறான். நான் வயசாச்சு, சோம்பேறின்னு சொல்லிக்கிட்டேன். ஷைலஜா போன்ல சும்மா கேக்குற மாதிரி கேட்டா, "எப்படி இருக்கான், ஏதாவது மாத்தம் தெரியுதா மேடம்?" ஒண்ணுமில்லம்மா, ஜம்முனு இருக்கான்னேன். ஒன்பது வயசாச்சே, வேலையை நிறுத்துறதைப் பத்தி யோசிக்கணும்னு சொன்னா. வேலை முடிஞ்ச நாயை விருப்பம் இருந்தா நாங்களே வச்சுக்கலாமாம், முடியாதவங்க திருப்பிக் குடுப்பாங்களாம், நல்ல குடும்பமாப் பார்த்து அனுப்புவாங்களாம். புது நாய்க்கு வரிசை நிக்குது, ரெண்டு வருஷமாவது ஆகும்னா. ரெண்டு வருஷம். ரெண்டு வருஷம் குச்சியும் சாக்கடையும் அண்ணி கையும், கூடவே கண்ணு தெரியாத கிழட்டு நாய் ஒண்ணு. எந்தப் புத்தியுள்ளவ வச்சுக்குவா. நேத்து ராத்திரி அப்படித்தான் நெனச்சேன், ஒளிவு மறைவு என்னத்துக்கு, பியூஸ் போன பல்பைக் கழட்டிக் குடுக்குற மாதிரி குடுத்துரலாமான்னு கூட ஒரு நிமிஷம் தோணுச்சு. தோணுனதும் எந்திரிச்சுப் போய் அவன் மூச்சு விடுறானான்னு வயித்துல கை வச்சுப் பார்த்தேன்.

சமாதானம் சொல்லிக்கச் சொல்றாங்க. இந்த ஒரு நிமிஷம் எனக்கு எப்பவும் ஆகாது. எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் கையைக் கூப்பி, சத்தமில்லாம தலையை ஆட்டிக்குவாங்க. கூப்புற கைக்குச் சத்தம் ஏது? எனக்கு யார் சொன்னாங்க, சொன்னாங்களா இல்லையான்னே தெரியாது, நான் பாட்டுக்கு முன்னால இருக்குற காத்தைப் பார்த்துக் கும்பிட்டுட்டு நிக்கணும். ஹீரோ வந்ததுலேருந்து குழந்தைங்க ஓடி வந்து அவன் தலையைத் தொட்டு "சமாதானம் ஹீரோ"ங்குதுங்க. அந்தம்மாவுக்கும் சொல்லுன்னு எந்தத் தாயாவது சொல்லிக் குடுத்தா தேவல. வேலையில இருக்குற நாயைத் தொடக் கூடாதுன்னு நூறு தடவை சொல்லியாச்சு, சரிம்பாங்க, தொடுவாங்க. இன்னைக்கும் யாரோ ஒரு சின்னது ஓடி வந்துச்சு. ஹீரோ வெடுக்குனு பின்வாங்கி என் முழங்காலுக்கு நடுவுல தலையை நுழைச்சுக்கிட்டான். கை வர்றது அவனுக்குத் தெரியல. திடீர்னு வந்து தொட்டதும் பயந்துட்டான். அது எனக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? பின்னாலேருந்து வந்து தோள்ல கை வைப்பாங்களே, நெஞ்சுக்குள்ள ஒரு குதி குதிக்குமே. "ஹீரோ மாமா கடிக்க மாட்டாரு"ன்னு அந்தத் தாய் சிரிக்கிறா. அவன் காது ரெண்டும் குளுந்து கிடந்துச்சு.

நன்மை வாங்குற நேரம். பாட்டு ஆரம்பிச்சாச்சு, தவக்காலப் பாட்டு, இழுவைன்னா இழுவை. வழக்கமா கோயில் வேலை பார்க்குற கோயில்பிள்ளை "அமலிக்கு வழி விடுங்க"ன்னு ஒரு குரல் குடுப்பாரு, நடுப்பாதையில நேரா போய், வாங்கிட்டு, அப்படியே திரும்பி வந்துருவோம். ஹீரோவுக்கு அது தண்ணி பட்ட பாடு. நேத்து சாயந்திரம் தியானக் கூட்டம் நடந்திருக்கு, அதுக்கு நடுப்பாதையில ஒலிபெருக்கியை இரும்புக் கம்பத்துல ஏத்தி நிறுத்தி, எடுக்காம அப்படியே விட்டுட்டாங்க. எனக்கு யாரும் சொல்லல, எனக்குத்தான் நாய் இருக்கே. பாதி தூரம் போயிருப்போம். டங்குனு ஒரு சத்தம். ஹீரோ மூஞ்சி நேரா கம்பத்துல. கோயில் மொத்தமும் "ச்சோ"ங்குது. கைப்பிடி என் உள்ளங்கையைப் பின்னால தள்ளுது, அவன் பின்வாங்கி வர்றான், என் பாதத்து மேல ஏறி நிக்கிறான். ஃபார்வர்ட்னேன். மெல்லமாத்தான் சொன்னேன். வரல. பின்னால வரிசை நின்னு போச்சு, யாரோ ஒரு ஆளு செருமுறாரு. டேய், இங்கயாடா, இன்னைக்காடா, எல்லார் முன்னாலயுமாடா. "ஹீரோ, ஃபார்வர்ட்." அவன் காலடி எடுத்து வைக்கிறான். ஆமா, எடுத்து வைக்கிறான். கம்பம் எங்க இருக்குன்னு தெரியாது, இன்னொரு தடவை இடிக்கும்னு தெரியும், நான் சொல்லிட்டேங்கிறதுக்காக உடம்பெல்லாம் நடுங்கிக்கிட்டே காலை எடுத்து வைக்கிறான். கைப்பிடி வழியா அந்த நடுக்கம் என் தோள் வரைக்கும் ஏறுது. இது ஒண்ணும் இன்னைக்குப் புதுசா வந்த நடுக்கம் இல்ல. மூணு மாசமா என் கையிலதான் இருந்திருக்கு. நான் தினமும் இவனை இதுக்குள்ளதான் விரட்டியிருக்கேன், நான் கோவிச்சுக்கிட்டு வெளியே போகணும்கிறதுக்காக. எனக்கு அழுகை வந்துருச்சு, என் மேலயே அப்படி ஒரு எரிச்சல்.

"அமலி, கையைக் குடு, நான் கூட்டிட்டுப் போறேன்." அண்ணி. எப்போ எந்திரிச்சு வந்தாங்களோ, விரல் அதுக்குள்ள என் முழங்கைக்கு மேல வந்தாச்சு. குடுத்துரலாம்னுதான் இருந்துச்சு, பொய் சொல்லல. நான் குனிஞ்சேன். அவன் வயித்துக்கு அடியில கொக்கியைத் தேடி அவுத்தேன், பட்டையைத் தலைவழியா உருவினேன். உருவினதும் தலைலேருந்து வால் வரைக்கும் ஒரு உதறு உதறினான் பாருங்க, காது ரெண்டும் சடசடன்னு அடிக்குது, வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் உதறுற உதறு. கோயில்னும் பார்க்கல, பூசைன்னும் பார்க்கல. பட்டையை அண்ணி கையில திணிச்சேன். "அண்ணி, இதைக் கொஞ்சம் வச்சிருங்க." "இவன் எப்படிடி அப்புறம்..." "இவன் வரட்டும். நான் கூட்டிட்டுப் போறேன்." அண்ணி விரல் நாலும் என் கையை விட்டுச்சு, எனக்கு நினைவு தெரிஞ்சு அவங்களா விட்டது இதுதான் முதல் தடவை. பைக்குள்ளேருந்து குச்சியை எடுத்தேன். புதுக் குச்சி, டக் டக் டக்குனு ஒவ்வொரு துண்டா நீண்டு நிக்குது. இடது கையில கழுத்துக் கயிறு, நல்லா கிட்டத்துல பிடிச்சுக்கிட்டேன், அவன் தோள் என் தொடையில படுற மாதிரி. குச்சி முதல்ல கம்பத்தைத் தொட்டுச்சு. "கம்பம்டா. இந்தப் பக்கம் வா." வந்தான். பாட்டுக்காரங்க இடது பக்கம், மேல ஃபேன், முன்னால ஒவ்வொருத்தருக்கா ஃபாதர் சொல்றதும் அவங்க ஆமென்ங்கிறதும் கேக்குது, அந்த ஆமெனைப் பிடிச்சுக்கிட்டே போனேன். சாக்கடை பயம் போயிருச்சான்னு கேட்டா போகல, அது பாட்டுக்குக் கூடவே வந்துச்சு. ஒரு படி. "படி. மெதுவா." ரெண்டு பேரும் ஏறினோம். வாயைத் திறந்தேன், அப்பம் நாக்குல ஒட்டுச்சு. ஃபாதர் குனிஞ்சு ஹீரோ தலையைத் தொட்டாரு போல, தொடுறதுக்கு முன்னாடி "ஹீரோ"ன்னு ஒரு தடவை கூப்பிட்டுட்டுத் தொட்டாரு. பிரசங்கத்தை மன்னிச்சுட்டேன்.

திரும்பி வர்றதுக்குக் கொஞ்சம் நேரம் ஆச்சு. ஒரு பெஞ்சு முன்னாலேயே திரும்பிட்டேன், யாரோ ஒருத்தர் மடியில உக்காரப் பார்த்தேன், சாரி கேட்டுட்டு அடுத்ததுல போய் உக்காந்தேன். குச்சியை மடக்கினேன், கடைசித் துண்டு மடங்க மாட்டேங்குது. நாளைக்கு ஷைலஜா வந்ததும் நடந்தெல்லாம் காட்டப் போறதில்ல, நேரா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லணும். ஹீரோ தொப்புனு என் காலடியில விழுந்தான். பக்கத்துல இருந்த அம்மா என் தொடையைத் தட்டிப் பேசுறாங்க, மூக்கு உறிஞ்சுற சத்தம் கேக்குது.

"எம்மாடி, எவ்வளவு பதவிசா உங்களைக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வருது பாருங்க. பெத்த பிள்ளை கூட இப்படிச் செய்யாது."

வேற நாளா இருந்தா நல்லாக் குடுத்திருப்பேன்.

"ஆமாங்க. ஆறு வருஷம் கூட்டிட்டுப் போனான். இன்னையோட ரிட்டயர் ஆகுறான்."

"நாய்க்குக் கூட ரிட்டயர்மென்டா? அதுக்கு பென்ஷன் எல்லாம் உண்டா?"

கேக்குறாங்க பாருங்க கேள்வி, அதுவும் நன்மை வாங்கின வாயோட. ஹீரோ ஒரு பெருமூச்சு விட்டு, தலையை முழுக் கனத்தோட தூக்கி என் பாதத்துல போட்டான்.

"உண்டுங்க," அப்படின்னேன். "நான்தான் குடுக்கணும்."